அக்கம்பக்கத்துத் தொல்லையை யாரிடம் சொல்வது? இங்கிலாந்தில் வாழும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தில் படிவம் நிரப்ப, கடிதம் வாசிக்க உதவி கேட்டு வருகிறவர்களோடு நான் உட்காருவதுண்டு. வேறு அலுவலாக வந்தவர்கள்கூட எழும்பிப் போகும் நேரத்தில் "இன்னொரு விஷயம்..." என்று தொடங்குவார்கள். அது பெரும்பாலும் பக்கத்து வீட்டைப் பற்றியோ தெருமுனையைப் பற்றியோதான் இருக்கும். மாதக்கணக்காக, சில வேளை வருடக்கணக்காகப் பொறுத்திருப்பார்கள். எங்கும் ஒரு முறைப்பாடு பதிவாகியிருக்காது. அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்ட மாதிரியே கீழே தந்திருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

"ஏஎஸ்பி, ஏஎஸ்பி என்று கடிதத்தில் போடுகினம். அது என்ன? எங்களுக்குப் பிடிக்காததெல்லாம் அதுக்குள்ள வருமா?"

வராது. சமூக விரோத நடத்தை என்பதைத்தான் ஏஎஸ்பி என்று சுருக்குகிறார்கள். ஒருவருக்குத் தொந்தரவோ பீதியோ மனவேதனையோ தரக்கூடிய நடத்தை என்பது சட்டத்தின் பொதுவான வரையறை. வீடு சம்பந்தப்பட்ட இடத்தில் அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் தொல்லையும் சேரும். இப்போது நடைமுறையில் உள்ள அதிகாரங்களில் பெரும்பாலானவை 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தவை. பழைய ஆட்கள் சொல்லும் 'அஸ்போ' என்ற நீதிமன்ற உத்தரவு அதோடு இங்கே போய்விட்டது.

விடிய விடியப் பாட்டு, மிரட்டல், திட்டு, படிக்கட்டில் போதைப்பொருள் விற்பனை, நடைபாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டம், குப்பை கொட்டுதல் எல்லாம் இதில் அடங்கும். கைக்குழந்தை அழுவது, பிள்ளைகள் பகலில் விளையாடுவது, ஒரே ஒரு நாள் பிறந்தநாள் கொண்டாட்டம், சமையல் வாசனை போன்றவை சாதாரணமாக அடங்காது. எவ்வளவு கடுமை, எத்தனை தரம் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

"999க்கு அடிக்கிறதா, 101க்கா, கவுன்சிலுக்கா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினம்."

இப்போதே யாருக்காவது ஆபத்து, அல்லது குற்றம் கண்ணெதிரே நடக்கிறது என்றால் 999. நடந்து முடிந்துவிட்டது, அல்லது அடிக்கடி நடக்கிறது, ஆனால் இந்த நிமிடம் உயிராபத்து இல்லை என்றால் 101, இல்லையேல் உங்கள் பகுதிப் பொலிஸின் இணையப் படிவம். 101க்குக் கட்டணம் இல்லை. கைத்தொலைபேசியில் 999 அழைத்துவிட்டுப் பேச முடியாத நிலை என்றால், கேட்கும்போது 55 அழுத்துங்கள். பொலிஸுக்கு மாற்றிவிடுவார்கள்.

சத்தம், குப்பை, கைவிடப்பட்ட கார் எல்லாம் கவுன்சிலின் வேலை. வாடகைக்கு இருப்பவர் செய்யும் தொல்லை என்றால் அவருடைய வீட்டுச் சொந்தக்காரருக்கும் சொல்ல வேண்டும். ஒரே விஷயத்தைப் பொலிஸுக்கும் கவுன்சிலுக்கும் சொல்வதில் தவறில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் கேட்டு வாங்குங்கள். நம்பர் கையில் இல்லாமல் போனை வைக்காதீர்கள். கீழே பல இடங்களில் அந்த நம்பர் தேவைப்படும்.

"எனக்கு இங்கிலிஷ் வடிவாக் கதைக்க வராது. பிள்ளையைக் கொண்டு கதைப்பிக்கட்டா?"

வேண்டாம். "தமிழ் இன்டர்பிரட்டர் பிளீஸ்" என்ற மூன்று சொல் போதும். பொலிஸ் தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பாளரை இணைக்கும். கவுன்சில்களும் கேட்டால் ஏற்பாடு செய்யும். கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டி வரலாம், லைனை வெட்டாதீர்கள்.

பத்து வயதுப் பிள்ளை தன் அம்மாவுக்கு விழுந்த திட்டை ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்க்கக் கூடாது. எனக்கு இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. பிள்ளைக்கும் அது காயம், முறைப்பாடும் சரியாகப் பதிவாகாது.

"என்ர பேரைச் சொல்லாமல் முறையிடலாமா? அவனுக்குத் தெரிஞ்சால் இன்னும் கூடும்."

இது நியாயமான பயம். குற்றம் சம்பந்தப்பட்ட தகவல், உதாரணமாகப் போதை விற்பனை என்றால், கிரைம்ஸ்டொப்பர்ஸ் என்ற தொண்டு நிறுவனத்துக்கு 0800 555 111இல் சொல்லலாம். பெயர் கேட்க மாட்டார்கள், அழைத்த இலக்கத்தையும் தேட மாட்டார்கள்.

கவுன்சிலுக்கும் வீட்டு நிர்வாகத்துக்கும் உங்கள் பெயரைக் கொடுப்பதுதான் நல்லது. கொடுத்துவிட்டு "எதிர்த்தரப்புக்குச் சொல்ல வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சாதாரணமாக அதைக் காப்பாற்றுவார்கள். ஆனால் உங்கள் தலைக்கு நேர் மேல் வீட்டுச் சத்தத்தைப் பற்றி முறையிட்டால் யார் சொன்னது என்று அவருக்கு ஊகிக்க முடியும். அதை மறைக்க வழியில்லை. பெயரே இல்லாத முறைப்பாட்டில் இன்னொரு குறையும் இருக்கிறது. பின்னர் மறுஆய்வு கேட்கும்போது அது உங்கள் கணக்கில் இருக்காது. (மறுஆய்வு பற்றிக் கீழே விரிவாக இருக்கிறது.)

"மேல் வீட்டில ஒவ்வொரு நாளும் சத்தம். இரவு 11 மணிக்குப் பிறகுதான் முறையிடலாம் எண்டு சொன்னாங்கள், உண்மையா?"

உண்மையில்லை. இரவு 11 முதல் காலை 7 வரை என்பது 1996ஆம் ஆண்டுச் சத்தச் சட்டத்தின் இரவு நேரம். அந்த நேரத்துக்குத் தனி அளவுகோல் உண்டு. அதைவிடப் பெரிய ஆயுதம் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதில் நேரக் கட்டுப்பாடு இல்லை. பகல் இரண்டு மணிக்கும் சத்தம் தாங்க முடியாத அளவு, திரும்பத் திரும்ப என்றால் அது சட்டப்படியான தொல்லையாகலாம். முறைப்பாடு வந்தால் கவுன்சில் நியாயமான அளவுக்கு விசாரித்தே ஆக வேண்டும். தொல்லைதான் என்று முடிவு செய்தால் அதை நிறுத்தச் சொல்லி அறிவித்தல் கொடுக்கும். மீறுவது குற்றம்.

ஆனால் சத்தம் எந்த வகை என்பது முக்கியம். உரத்த பாட்டு, கத்தல், மணிக்கணக்காகக் குரைக்கும் நாய் ஒரு வகை. மேலே நடக்கும் காலடி, கழிவறைத் தண்ணீர், கதவு திறந்து மூடுவது இன்னொரு வகை. சுவர் மெல்லிசான பழைய வீடுகளில் சாதாரணமாக வாழும்போது எழும் சத்தம் சட்டப்படி தொல்லை ஆகாது என்று 1999இல் பிரபுக்கள் சபை சதக், கம்டன் கவுன்சில்களின் வாடகைக்காரர் வழக்குகளில் தீர்ப்பளித்தது. அங்கே கீழ் வீட்டுக்காரர்கள் பட்ட துன்பத்தை நீதிபதிகள் மறுக்கவில்லை. மேல் வீட்டுக்காரர் பிழை எதுவும் செய்யவில்லை என்பதுதான் காரணம். உங்கள் பிரச்சினை இந்த வகை என்றால் கம்பளம், கதவு மூடும் விதம் பற்றிப் பேசித் தீர்ப்பதே வழி.

கவுன்சில் அசையவே இல்லை என்றால் அதே சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி நீங்களே மஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். சத்தம் என்றால் குறைந்தது 3 நாள் முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். ஆதாரம் பலமாக இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

"டயரி எழுதச் சொல்லி ஒரு படிவம் அனுப்பி இருக்கினம். ஒண்டும் செய்யாமல் சாட்டுச் சொல்லுகினமோ?"

இல்லை. நிறையப் பேர் இங்கேதான் கைவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. "எப்போதும் சத்தம்" என்று சொன்னால் அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. "செவ்வாய் இரவு 11.40 முதல் 2.15 வரை பாட்டு, படுக்கையறையில் சொற்கள் தெளிவாகக் கேட்டன, பிள்ளை இரண்டு தடவை எழும்பினாள், காலை வேலைக்குப் பிந்தினேன்" என்று எழுதினால் அது சாட்சியம். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கேட்டது அல்லது கண்டது, உங்களுக்கு நேர்ந்தது, யாரிடம் சொன்னீர்கள், ரெஃபரன்ஸ் நம்பர் ஆகியவை வேண்டும்.

அன்றன்றே எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, பிறகு மொழிபெயர்க்கலாம். சத்தம் இல்லாத இரவுகளையும் குறியுங்கள், உங்கள் பதிவை மற்றவர்கள் நம்புவதற்கு அது உதவும். பல கவுன்சில்கள் தொலைபேசிச் செயலியிலேயே சத்தத்தைப் பதிந்து அனுப்ப விடுகின்றன.

தெருவின் வாட்ஸாப் குழுவில் போட்ட செய்தி முறைப்பாடு ஆகாது. இருபது பேர் அங்கே புலம்பியிருப்பார்கள், கவுன்சிலின் கணக்கில் பூச்சியம் இருக்கும். குழுவில் எழுதும் அதே ஐந்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பிவிடலாம். மற்ற வீட்டுக்காரர்களையும் தனித்தனியாக நிரப்பச் சொல்லுங்கள்.

"முதல்ல நானே போய்க் கதைச்சுப் பார்க்கட்டா?"

ஆள் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது. மிரட்டியவர், குடித்துவிட்டு நிற்பவர், போதை விற்பவர் என்றால் போகவே வேண்டாம். சாதாரணக் குடும்பம், கவனிக்காமல் செய்கிறார்கள் என்று தோன்றினால் பகலில், தனியாக, ஆறுதலாகச் சொல்லிப் பாருங்கள். சத்தம் போய்க்கொண்டிருக்கும் நடு இரவில் கதவைத் தட்டினால் சண்டைதான் வரும். அண்ணன் தம்பி, மச்சான் என்று நாலு பேராகப் போவது அதைவிட மோசம். அவர்கள் பொலிஸைக் கூப்பிட்டால் முறைப்பாடு உங்கள் மேல் திரும்பும்.

நேரே பேசத் தயக்கம் என்றால் சமரசப் பேச்சு கேட்கலாம். பல கவுன்சில்களும் ஹவுசிங் அசோசியேஷன்களும் (இலாப நோக்கமில்லாமல் வீடு வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனங்கள்) நடுநிலையான ஒருவரை ஏற்பாடு செய்யும். நான் பார்த்த அளவில் பிள்ளைகளின் விளையாட்டு, வேலி, கார் நிறுத்தம் போன்றவற்றுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. மிரட்டல் இருக்கும் இடத்தில் இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

"தொல்லை தாறவர் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரர் தனக்குச் சம்பந்தமில்லை எண்டுறார்."

கவுன்சில் வீடு, ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்றால் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு. ஏஎஸ்பி கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டியது சட்டம். அதைக் கேட்டு வாங்கி, அதன்படி நடக்கச் சொல்லுங்கள்.

தனியார் வீட்டுக்காரர் கைகழுவினாலும் கவுன்சில் தொல்லை தருபவர் மேலேயே நடவடிக்கை எடுக்கலாம். அத்தோடு ஒரு வீட்டில் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 5 பேர் அல்லது அதற்கு மேல் சமையலறை, குளியலறையைப் பகிர்ந்து வாழ்ந்தால் இங்கிலாந்தில் அந்த வீட்டுக்கு உரிமம் வேண்டும். சில பகுதிகளில் எல்லா வாடகை வீடுகளுக்கும் வேண்டும். கவுன்சிலின் உரிமப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போனால் அதுவரை போனை எடுக்காத வீட்டுக்காரர் அழைப்பதைக் கண்டிருக்கிறேன்.

"வாசல்ல பெடியள் கூட்டமா நிக்கிறாங்கள். பொலிஸ் வந்தால் ஓடிடுறாங்கள், போனவுடன திரும்பி வாறாங்கள்."

கூட்டமாக நிற்பது மட்டும் குற்றமில்லை, எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் நிற்கிறார்கள். வழிமறிப்பது, திட்டுவது, பொருட்களை உடைப்பது, போதை விற்பது என்றால் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லி முறையிடுங்கள். "கறுப்பு உடுப்புப் போட்ட பெடியள்" என்பது முறைப்பாடு இல்லை.

இன்ஸ்பெக்டர் தரத்து அதிகாரி ஒப்புதல் கொடுத்தால் பொலிஸ் ஒரு பகுதியிலிருந்து ஆட்களைக் கலைந்து போகச் சொல்லலாம். 48 மணி நேரம் வரை திரும்பி வரத் தடை போடலாம். மீறுவது குற்றம். தொடர்ந்து செய்பவர் என்றால் 10 வயதோ அதற்கு மேலோ உள்ள எவருக்கும் எதிராக நீதிமன்றத் தடையுத்தரவு வாங்க இடமுண்டு. சிறுவர்களுக்கு வழமையாக முதலில் பெற்றோரையும் கூப்பிட்டு நடத்தை ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பம் வாங்குவார்கள். உங்கள் வட்டாரப் பொலிஸ் குழு எது என்று தேடி, அவர்களின் பொதுக் கூட்டத்துக்குப் போங்கள். எந்த இடத்தில் எந்த நேரம் ரோந்து வேண்டும் என்று அங்கே கேட்கலாம்.

"நிறத்தைச் சொல்லித் திட்டுறான், முட்டை எறியிறான். இதுவும் அதே படிவமா?"

இதை வெறும் அயல் தொல்லையாகப் பதிய விடாதீர்கள். என் நிறத்துக்காக, என் இனத்துக்காகச் செய்கிறார்கள் என்று நான் உணர்கிறேன் என்று அழைப்பிலேயே சொல்லுங்கள். 1993இல் கொல்லப்பட்ட ஸ்டீபன் லோரன்ஸ் வழக்கைப் பொலிஸ் கையாண்ட விதத்தை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை 1999இல் வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறி என்று கருதினால் அந்தச் சம்பவத்தை அப்படியே எடுத்து விசாரிக்க வேண்டும் என்று அது சொன்னது. இனப்பகை நிரூபிக்கப்பட்டால் தண்டனையும் கூடும்.

கடைக்காரர்களும் டாக்சி ஓட்டுபவர்களும் இதைத்தான் அதிகம் விழுங்கிக்கொள்கிறார்கள். "இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். சகஜமில்லை. பொலிஸுக்கு நேரே போக விருப்பமில்லாவிட்டால் வெறுப்புக் குற்றங்களை முறையிடுவதற்கான ட்ரூ விஷன் இணையதளம் வழியாக அனுப்பலாம்.

"காமரா பூட்டினால் ஆதாரம் கிடைக்கும்தானே?"

கிடைக்கும். உங்கள் எல்லைக்குள் மட்டும் பார்க்கிறது என்றால் பிரச்சினை இல்லை. பக்கத்துத் தோட்டமோ தெருவோ படத்தில் விழுந்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். காமரா இருப்பதாக அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், தேவைக்கு மேல் பதிவை வைத்திருக்கக் கூடாது, படத்தில் வந்தவர் தன் பதிவைக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர்களின் படுக்கையறை யன்னலைக் குறிவைத்துப் பூட்டினால் முறைப்பாடு உங்கள் மேல் வரும்.

பதிவை முகநூலில் போடாதீர்கள். சம்பவ நேரத்தைக் குறித்து, பிரதி எடுத்து, பொலிஸுக்கும் கவுன்சிலுக்கும் மட்டும் கொடுங்கள்.

"எங்களைப் பற்றியே முறைப்பாடு வந்திருக்கு. இப்ப என்ன செய்யிறது?"

பதறாதீர்கள், கடிதத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். முதல் கடிதம் பெரும்பாலும் தகவல் அல்லது எச்சரிக்கைதான். அதில் எந்த நாள், எந்த நடத்தை என்று பாருங்கள். பதில் எழுத்தில் கொடுங்கள். எச்சரிக்கையை மதிக்காவிட்டால் சமூகப் பாதுகாப்பு அறிவித்தல் என்ற அடுத்த கட்டம் வரலாம். அதை எதிர்த்து 21 நாளுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். யார் முறையிட்டார்கள் என்று கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள்.

சமையல் வாசனை பற்றி என்றால் முதல் பதிலைப் பாருங்கள். வீட்டுச் சமையலுக்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. தீபாவளி வெடியில் மட்டும் கவனம் வேண்டும். வழக்கமாக இரவு 11 முதல் காலை 7 வரை வெடி கொளுத்தக் கூடாது. தீபாவளி இரவு மட்டும் அதிகாலை 1 மணி வரை அனுமதி உண்டு. அதுவும் உங்கள் தோட்டத்தில்தான். தெருவில் எந்த நேரத்திலும் குற்றம்.

பழைய கட்டிலை மலிவாக ஏற்றிப் போக வந்தவர் அதை வேறு தெருவில் கொட்டினால் உங்களுக்கும் தண்டம் வரலாம். இங்கிலாந்தில் அது 600 பவுண் வரை போகும். குப்பை ஏற்றும் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

"பொலிஸுக்குச் சொன்னால் விசாவைப் பாதிக்குமா?"

செல்லுபடியான விசா உள்ளவர் முறைப்பாடு கொடுப்பதாலோ சாட்சி சொல்வதாலோ அது பாதிக்கப்படாது. மாணவர்களும் வேலை விசாவில் வந்தவர்களும் இதை நம்பிப் பேசலாம்.

விசா முடிந்தவர், வழக்கு நிலுவையில் உள்ளவர் நிலை வேறு. பொலிஸ் உள்துறை அமைச்சுக்குத் தகவல் கொடுப்பது உண்டு. எனவே குடிவரவுச் சட்டத்தரணியிடம் முதலில் கேளுங்கள். குற்றத் தகவல் என்றால் மேலே சொன்ன கிரைம்ஸ்டொப்பர்ஸ் வழி இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் எதையும் யோசிக்காமல் 999.

"எத்தனையோ தரம் சொல்லிட்டம், ஒண்டும் நடக்கேல்லை. இனி யாரிட்டப் போறது?"

2014ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென்றே ஒரு உரிமை தந்திருக்கிறது. பெயர் ஏஎஸ்பி கேஸ் ரிவியூ, முன்பு கம்யூனிட்டி ட்ரிகர் என்றார்கள். எங்கள் ஆட்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. 6 மாதத்துக்குள் 3 முறைப்பாடு கொடுத்திருந்தால் பொதுவாக மறுஆய்வு கேட்கலாம். சில பகுதிகளில் அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறைப்பாடும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும். போன வருடம் நடந்ததை இன்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால் எண்ண மாட்டார்கள். ரெஃபரன்ஸ் நம்பரை நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

விண்ணப்பம் கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கும். உங்கள் சம்மதத்தோடு உறவினரோ நண்பரோ கவுன்சிலரோ உங்களுக்காகக் கொடுக்கலாம். கவுன்சில், பொலிஸ், சுகாதாரத் துறை, ஹவுசிங் அசோசியேஷன் எல்லோரும் ஒன்றாக இருந்து, யார் என்ன செய்தார்கள், இனி என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். முடிவை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். அவர்கள் சொல்வது பரிந்துரைதான், ஆனால் "எங்கள் வேலையில்லை, அவர்களிடம் போங்கள்" என்று பந்தாடுவது அங்கே நடக்காது. உடல், மன நலம் கெட்டிருந்தால் மருத்துவரின் கடிதத்தையும் சேருங்கள். தொல்லை தருபவரே மனநோயாளி என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், சுகாதாரத் துறையிடம் அதற்கு வேறு வழிகள் உண்டு.

ஹவுசிங் அசோசியேஷன் அல்லது கவுன்சில் உங்கள் வீட்டுச் சொந்தக்காரராக இருந்து முறைப்பாட்டைக் கையாண்ட விதம் பிழை என்றால் அது தனிப் பாதை. இங்கிலாந்தில் அவர்களின் இரண்டு கட்டப் புகார் முறையை முடித்துவிட்டு ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் (வீட்டு நிர்வாகங்கள் மீதான முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிப்பவர்) போகலாம். இலவசம். ஒம்புட்ஸ்மன் அயலவரைத் தண்டிக்க மாட்டார், நிர்வாகம் செய்த பிழையைத்தான் பார்ப்பார்.

"வழக்கு வரை போனால் அவரை வீட்டை விட்டு எழுப்புவினமா? நான் கோட்டில நிக்க வேணுமா?"

கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளில் எழுப்ப முடியும், ஆனால் கடைசிக் கட்டமாகத்தான். இங்கிலாந்தில் நீதிமன்றத் தடையுத்தரவை மீறியது நிரூபிக்கப்பட்டிருந்தால், அல்லது கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால் நீதிமன்றம் உத்தரவு கொடுக்க நேரிடும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம், நோயாளி என்றால் அதிக நேரம் எடுக்கும். மாதங்கள் போகும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

தடையுத்தரவு சிவில் வழக்கு. அங்கே நேரில் வரப் பயப்படுபவரின் கூற்றை அதிகாரி ஒருவர் எடுத்துச் சொல்ல இடமுண்டு. நேரில் நின்று சொல்வதற்கு உள்ள பலம் அதற்கு இராது. டயரி நன்றாக இருந்தால் அந்த இடைவெளி குறையும்.

"முறைப்பாடு குடுத்தால் பிறகு வீடு விக்க ஏலாது எண்டு ஒருத்தர் சொன்னார்."

விற்க முடியும். ஆனால் விற்கும்போது நிரப்பும் டிஏ6 படிவத்தில் அயலவரோடு தகராறு, முறைப்பாடு உண்டா என்று கேட்பார்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும். மறைத்து விற்று, வாங்கியவர் கண்டுபிடித்தால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். முறையிடாமல் விட்டால் படிவத்தில் எழுத ஒன்றுமிருக்காது என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். தகராறுக்கு வழிவகுக்கக்கூடிய விஷயம் ஏதும் தெரியுமா என்றும் அதே படிவம் கேட்கிறது. தீர்ந்துபோன பழைய முறைப்பாடு என்றால் எப்போது, எப்படித் தீர்ந்தது என்று சேர்த்து எழுதுங்கள். கவுன்சில் கோப்பை மூடியதாக அனுப்பிய கடிதத்தை எறியாமல் வைத்திருந்தால் அதன் பிரதியை உங்கள் சட்டத்தரணியிடம் கொடுக்கலாம்.